வல்லுநரை வரவேற்கும் மொழி: கூட்டுக் கலைக்களஞ்சியம் குறித்த ஒரு திறனாய்வு

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தில் புதிதாகப் பெயர் பதிந்து கொள்பவருக்கு வரவேற்புரை ஒன்று அளிக்கப்படுகிறது. அது முன்னரே எழுதி வைக்கப்பட்ட வார்ப்புரு. பள்ளி மாணவருக்கும், ஓய்வு பெற்ற பொறியாளருக்கும், ஒலியியலில் முப்பது ஆண்டுகள் உழைத்த பேராசிரியருக்கும் அதே சொற்களே சென்று சேர்கின்றன. எல்லாரையும் நிகராகக் கருதும் நோக்கம் இதில் வெளிப்படுவது பாராட்டுக்குரியது. ஆயினும், ஒரே உரை மூவரிடமும் ஒரே பொருளை உணர்த்துகிறதா என்னும் வினா மொழியியலாரால் எழுப்பப்பட வேண்டியது. மாணவருக்கு அது நுழைவுரிமை. பொறியாளருக்கு அது ஓர் அழைப்பு. துறை வல்லுநரோ அதனைத் தம் புலமைக்குக் கிடைத்த ஏற்பாக எடுத்துக்கொள்கிறார். சில நாள்களில் அவ்வெண்ணம் பொய்க்கும்போது அவர் விலகிச் செல்கிறார்.

வரவேற்புரைகள் வாய்ப்பைப் பற்றிப் பேசுகின்றன. பேசுவோனின் நிலை மாறுவதைப் பற்றிப் பேசுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து. வகுப்பறையிலும் ஆய்வேட்டிலும் தம் பெயரால் உண்மை கூறிப் பழகியவர், இங்குத் தம் பெயரை விலக்கி வைத்துப் பிறர் கூறியதைத் தொகுத்துரைப்பவராக மாற வேண்டியுள்ளது. இம்மாற்றத்தை முதல் நாளிலேயே எடுத்துக்கூறாத வரவேற்பு, எத்துணை இனிய சொற்களால் அமைந்தாலும், வல்லுநரைப் பொறுத்தவரை குறையுடையதே.

இக்குறையின் வேரை அறிய இக்கலைக்களஞ்சியத்தின் பிறப்பு வரலாற்றைச் சிறிது நோக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நூப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பட்டது. மெய்யியலில் முனைவர் பட்டம் பெற்ற லாரி சாங்கர் அதன் தலைமைப் பதிப்பாசிரியர். துறை வல்லுநர் எழுத, அவரையொத்த வல்லுநர் மதிப்பிட, ஏழு நிலைகளைக் கடந்த பின்னரே ஒரு கட்டுரை வெளியாகும். நம் மரபில் இதற்கு நேரான நிகழ்ச்சி அரங்கேற்றம். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு முன் அரங்கேறிய செய்தியை அதன் சிறப்புப் பாயிரம் தருகிறது. அவை ஏற்ற பின்னரே நூல் நூலாகும் என்னும் முறையை நூப்பீடியா இணையத்திற்குக் கொண்டுவந்தது எனலாம். விளைவு, 2003இல் அது மூடப்பட்டபோது முழுமையுற்ற கட்டுரைகள் இருபத்தைந்து அளவிலேயே இருந்தன. அதற்குத் துணையாக 2001 சனவரி 15 அன்று தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவோ முறையைத் தலைகீழாக்கிற்று. முதலில் வெளியீடு, பின்னர் மதிப்பீடு. மதிப்பிடுவோர் எவரும் ஆகலாம்.

இம்முறையில் பட்டத்திற்கும் பதவிக்கும் தனி மதிப்பில்லை. இதனை அறிவுப் பகைமை என்று சாங்கர் பின்னாளில் கடிந்தார். மெய்ப்பெயருடன் எழுதுவோரையும் வல்லுநர் ஒப்புதலையும் அடிப்படையாகக் கொண்ட சிட்டிசெண்டியம் என்னும் மாற்றுக் களஞ்சியத்தை 2006, 2007ஆம் ஆண்டுகளில் நிறுவினார். அது நிலைபெற்று வளரவில்லை. மறுபுறம், பட்டத்தைப் பொருட்படுத்தாமைக்குத் தக்க காரணமும் இருந்தது. இறையியல் பேராசிரியர் என்று கூறிக்கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் பெரும் பொறுப்பு வகித்த ஒருவர் அப்பட்டங்கள் எவையும் இல்லாத இளைஞர் என்பது 2007இல் வெளிப்பட்டது. திரைக்குப் பின் இருப்பவரின் புலமையைச் சரிபார்க்க இயலாதபோது, அவர் சுட்டும் நூலையேனும் சரிபார்க்கலாம் என்பது எளிய அறிவு. ஆகவே நம்பகத்தன்மை ஆளிடமிருந்து சான்றுக்கு இடம் பெயர்ந்தது. இவ்விடப்பெயர்வே வல்லுநருக்கு முதலில் விளங்க வேண்டியது. இதனையே வரவேற்புரை அவருக்குக் கூறுவதில்லை.

கூறப்படாமையின் விளைவை இரண்டு நிகழ்ச்சிகள் நன்கு காட்டுகின்றன. அமெரிக்க வரலாற்றறிஞர் திமோத்தி மெசர்-குரூஸ், 1886ஆம் ஆண்டு சிகாகோ நகரில் நிகழ்ந்த ஹேமார்க்கெட் குண்டுவெடிப்பு வழக்கைப் பல்லாண்டு ஆய்ந்தவர். குற்றஞ்சாட்டப்பட்டோரைக் குண்டுவெடிப்புடன் தொடர்புபடுத்தும் சான்று எதனையும் அரசுத் தரப்பு அளிக்கவில்லை என்று ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரை கூறியது. வழக்கில் 118 பேர் சாட்சியம் அளித்திருந்ததை ஆவணங்களில் கண்டிருந்த அவர், அத்தொடரை நீக்கினார். சில நிமிடங்களில் அது மீண்டும் இடம்பெற்றது. நீதிமன்ற ஆவணங்கள் முதனிலைச் சான்றுகள் ஆதலின் அவற்றினின்று தாமே முடிவு காண்பது ஏற்புடையதன்று என்றும், வெளியான நூல்கள் வேண்டும் என்றும் அவருக்குக் கூறப்பட்டது. 2011இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதனைச் சுட்டி மீண்டும் திருத்தினார். இம்முறை, பெரும்பாலான வரலாற்றறிஞரின் கருத்துக்கு மாறான ஒருவர் கருத்திற்கு மிகை இடம் தர இயலாது என்னும் விடை வந்தது. தம் பட்டறிவை அவர் 2012 பிப்ரவரியில் உயர்கல்வி இதழொன்றில் எழுதியபோது அது பரவலாகப் பேசப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில் நாவலாசிரியர் பிலிப் ராத், 'நியூயார்க்கர்' இதழின் இணையத்தளத்தில் விக்கிப்பீடியாவிற்குத் திறந்த மடல் ஒன்றை வெளியிட்டார். 'தி ஹியூமன் ஸ்டெயின்' என்னும் அவருடைய நாவல் திறனாய்வாளர் அனடோல் பிராயர்டின் வாழ்க்கையிலிருந்து உருவானது என்னும் செய்தி கட்டுரையில் இருந்தது. அது தவறு, தம் நண்பர் மெல்வின் டூமின் வாழ்வில் நடந்த ஒன்றே கதைக்கு வித்து என்று அவர் சார்பில் கூறப்பட்டபோது, நூலாசிரியரின் சொல் மட்டும் போதாது, வேறு சான்று வேண்டும் என்று விடையிறுக்கப்பட்டது. மடல் வெளியானதும் நிலைமை மாறிற்று. மடலே சுட்டத்தக்க சான்றாயிற்று. ஒரே மனிதர், ஒரே கூற்று. நேரில் சொன்னபோது ஏற்கப்படாதது பொதுவில் வெளியானபின் ஏற்கப்பட்டது. இதனை நகைப்புக்குரிய முரணாகவே பலர் எடுத்துக்காட்டினர். மொழியியல் நோக்கில் இதில் முரண் இல்லை.

எர்விங் காஃப்மன் 1979இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பேசுவோன் என்னும் ஒற்றைக் கருத்தை மூன்றாகப் பகுத்தார். சொற்களை ஒலிப்பவர் ஒருவர். சொற்களைத் தெரிந்து கோப்பவர் ஒருவர். சொல்லப்பட்ட கருத்திற்குப் பொறுப்பேற்பவர் ஒருவர். அன்றாடப் பேச்சில் மூவரும் ஒருவரே. செய்தி வாசிப்பவரிடத்தும் தூது செல்பவரிடத்தும் இவர்கள் பிரிந்து நிற்பர். ஆய்வுக் கட்டுரையில் வல்லுநர் சொற்களைக் கோப்பவர். கருத்திற்குப் பொறுப்பும் அவரே. கலைக்களஞ்சியத்தில் அவர் கோப்பவர் மட்டுமே. பொறுப்பு சுட்டப்படும் நூலைச் சார்ந்தது. ராத் திருத்தம் கோரியபோது மூன்று நிலைகளையும் ஒருங்கே தாமே வகிக்க முயன்றார். மடல் வெளியானதும் பொறுப்பேற்கும் நிலை வெளியான உரைக்குச் சென்றது. அவ்வுரையை எடுத்துக் கோப்பதற்கு வேறொருவர் இருந்தார்.

காஃப்மனுக்குச் செல்லாமலும் இதனை விளக்க இயலும். தொல்காப்பிய மரபியல் முதனூல், வழிநூல் என இரண்டாகப் பகுத்து, வழிநூலைத் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நால்வகைப்படுத்துகிறது. நன்னூலார் சார்புநூலையும் சேர்த்து மூன்றாக்குவார். கலைக்களஞ்சியம் வழிநூல், வல்லுநர் முதனூல் செய்து பழகியவர். சொந்த ஆய்வு கூடாது என்னும் விக்கிப்பீடியாவின் விதியை 'இது வழிநூல்' என்னும் ஒரு தொடரால் தமிழறிஞருக்கு விளக்கிவிடலாம். மறுப்புச் சொல்லால் அமைந்த விதி தடையாகத் தோன்றும். நூல்வகையின் பெயரால் அமைந்த விளக்கம் பணியின் இயல்பை உணர்த்தும். மெசர்-குரூஸ் தாம் கண்ட புதிய முடிவைக் கொண்டு சென்ற இடம் வழிநூல் செய்யும் இடம். அவருக்கு அங்கு மறுக்கப்பட்டது உண்மை என்பதைவிட, முதனூலாசிரியர் என்னும் நிலை என்று கூறுவதே பொருந்தும். இதனால் விக்கிப்பீடியர் அனைவரும் முறையாக நடந்தனர் என்றாகாது. நூல் வெளியான பின்னரும் அதன் கருத்தை 'இவ்வாறு ஓர் ஆய்வாளர் மறுக்கிறார்' என ஒரு தொடரில் பதிய இடமிருந்தது. விதியைச் சுட்டியவர்களுக்கு அத்தொடரை எழுதி உதவத் தோன்றவில்லை.

சான்று சுட்டும் பழக்கமும் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் 'என்ப' என்றும் 'என்மனார் புலவர்' என்றும் முன்னோர் மேல் வைத்துக் கூறும் வாய்பாடுகள் யாவரும் அறிந்தவை. இன்றைய விக்கிப்பீடியாவில் அவ்வாறு எழுதினால் 'எந்தப் புலவர்?' என்று கேட்டு எவரேனும் குறியிட்டுவிடுவர் என்பது வேறு.

இனித் தமிழ் வரவேற்பின் மொழிக்கு வருவோம். தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு, ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கட்டுரைகளுடன் வளர்ந்துள்ளது. அதன் வரவேற்பு வார்ப்புரு 'வாருங்கள்' என்று தொடங்குகிறது. 'வருக' என்னும் வியங்கோளையோ 'நல்வரவு' என்னும் பெயரையோ தேராமல் முன்னிலை மரியாதைப் பன்மை ஏவலைத் தேர்ந்தது நுட்பமான தேர்வு. 'வருக' மாநாட்டுத் தோரண வாயிலில் எழுதத் தக்கது. அதனைச் சொல்பவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. 'வாருங்கள்' வீட்டு வாயிலில் நின்று ஒருவர் முகம் பார்த்து மற்றொருவர் சொல்வது. உதவி கேட்கும் இடம் 'ஒத்தாசைப் பக்கம்'. பொது உரையாடல் நிகழும் இடம் 'ஆலமரத்தடி'. எழுதிப் பழகும் இடம் 'மணல்தொட்டி'. ஆங்கிலத்தில் ஊர்க்கிணற்றுக் குழாயடியாக இருந்தது தமிழில் ஆலமரத்தடி ஆனது, மொழிபெயர்ப்பாளர் போற்றத்தக்க பண்பாட்டுப் பெயர்ப்பு. அறிமுகமற்றவரையும் ஊராராக்கிக் கொள்ளும் சொற்கள் இவை.

ஆனால் வல்லுநரின் செவியில் இச்சொற்கள் வேறுவிதமாகவும் ஒலிக்கின்றன. மணல்தொட்டி ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பு. மணலில் விரலால் எழுதிப் பழகுவது திண்ணைப் பள்ளிப் பிள்ளையின் செயல் என்பது தமிழ்ச் சூழலில் அதனுடன் சேர்ந்துகொள்ளும் பொருள். நூல் பல எழுதியவரை அங்கு அனுப்பும்போது அவர் முகஞ்சுளிப்பதைச் செருக்கு என்று மட்டும் கொள்ளலாகாது. சொல் சுமந்து வரும் பொருளும் காரணம். இதற்கு மாறாக, பக்கந்தோறும் உள்ள 'தொகு' என்னும் சொல் வல்லுநருக்கு மிக உகந்தது. ஆயினும் அதன் பொருளை எவரும் அவருக்கு எடுத்துச் சொல்வதில்லை. இது 'பதிப்பி' என்றோ 'திருத்து' என்றோ அமையவில்லை. சங்கத் தொகை நூல்களுக்குத் தொகுத்தவர், தொகுப்பித்தவர் எனப் பெயர்கள் வழங்குகின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்த புலத்துறை முற்றிய கூடலூர் கிழார் அதன் ஐந்நூறு பாடல்களையும் தாமே பாடியதாக எவரும் கருதவில்லை. தொகுத்தமைக்காகவே அவர் நினைக்கப்படுகிறார். புதிய பணியின் இலக்கணம் முழுதும் அப்பொத்தானிலேயே இருக்கிறது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 'புதியவரைக் கடிக்காதீர்' என்னும் பொருளுடைய வழிகாட்டுதல் ஒன்று உண்டு. விலங்கின் செயலைச் சுட்டும் அவ்வுருவகம் தமிழில் நேராகப் பெயர்க்கப்படின் நகைப்பை விளைவிக்கும். 'கடிந்துரையாதீர்' எனின் ஒலியும் ஒருபுடை ஒக்கும், பொருளும் நன்கு பொருந்தும். எனினும் கடிந்துரைத்தல் தமிழில் எவ்வடிவில் நிகழ்கிறது என்பதே நம் கவனத்திற்குரியது. வரவேற்பு 'வாருங்கள்' என முன்னிலையில் வர, மறுப்பு 'நீக்கப்பட்டது', 'மீளமைக்கப்பட்டது' எனச் செயப்பாட்டில் வருகிறது. வரவேற்றவர் தெரிகிறார், நீக்கியவர் வாக்கியத்தில் இல்லை. நீக்கியவர் பெயர் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகியிருக்கும் என்பது பழகியவருக்கே தெரியும். அலுவலக ஆணை மொழியில் தம் எழுத்து மறைந்ததைக் காணும் பேராசிரியர், விளக்கம் கேட்க ஆள் இல்லை என்றே எண்ணுவார்.

தமிழில் இச்சிக்கல் ஆங்கிலத்தைவிடக் கடுமையானது. ஓர் எடுத்துக்காட்டு கூறலாம். குற்றியலுகரம் இன்றைய ஒலிப்பில் இதழ் குவியா உயிராக அமைவதை ஒலியியலார் அனைவரும் அறிவர். ஒலியியலார் ஒருவர் இதனைக் கட்டுரையில் சேர்க்கிறார் எனக் கொள்வோம். 'மேற்கோள் தேவை' என்னும் குறி விழுகிறது. கேட்டவர் பிழை செய்யவில்லை; ஆனால் மேற்கோள் எங்கே உள்ளது? ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு நூலில், பல்கலைக்கழக நூலகத்தில் தட்டச்சுப்படியாக உள்ள ஆய்வேட்டில், கருத்தரங்க ஆய்வுக்கோவை ஒன்றில். இவற்றுள் பல இணையத்தில் கிட்டா. சில அவரே எழுதியவை. சான்று இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்னும் விதி விக்கிப்பீடியாவில் இல்லை. அச்சு நூல், ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் ஆகியவை போதும். நூலகம் சென்று பிறர் சரிபார்க்க இயலும் என்பதே அளவுகோல். தம் நூலைத் தாமே சுட்டுதலும் அளவோடு, பொருத்தமான இடத்தில் ஏற்கப்படும். இவ்விரு செய்திகளும் வல்லுநருக்கு முதன்மையானவை. இவை நெடிய வழிகாட்டுப் பக்கங்களின் உட்பகுதிகளில் கிடக்கின்றன.

கலைச்சொல் இதனினும் சிக்கலானது. சொந்த ஆய்வு கூடாது என்னும் விதி, கலைச்சொற்கள் நிலைபெற்றுவிட்ட மொழிச் சூழலில் உருவானது. தமிழில் பல துறைகளில் கட்டுரை எழுதுவதே சொல்லாக்கத்துடன் பிணைந்தது. இலங்கைப் பாடநூல்களில் பயின்றவர் பௌதிகவியல், இரசாயனவியல், ஒட்சிசன் என்பர். தமிழ்நாட்டில் பயின்றவர் இயற்பியல், வேதியியல், ஆக்சிஜன் என்பர். இரண்டும் பல்லாண்டு வகுப்பறை வழக்குடையவை. இரண்டிற்கும் பாடநூற் சான்று உண்டு. யாழ்ப்பாணத்து வேதியியல் ஆசிரியர் எழுதிய கட்டுரையின் சொற்களைத் தமிழ்நாட்டு இளைஞர் ஒருவர் பிழைதிருத்தம் என்னும் நினைவில் ஒரே மாலையில் மாற்றிவிட இயலும். மாற்றியவர் நன்மை செய்ததாகவே எண்ணுவார். ஒரு வடிவத்தில் கட்டுரையும் மற்றொன்றிலிருந்து வழிமாற்றும் அமைத்து, முதற்பத்தியில் இரு சொற்களையும் தருவது இதற்குரிய தீர்வு. கிரந்த எழுத்துகள் பற்றிய கருத்து வேறுபாட்டிற்கு இத்தகைய எளிய தீர்வு இல்லை. அதில் இறங்கும் வல்லுநர் தம் துறைப் பொருளை எழுதும் முன்பே களைத்துவிடுவார். புதியவரை அவ்விவாதத்திலிருந்து சில திங்கள் விலக்கி வைப்பதே அவருக்குச் செய்யும் உதவி எனத் தோன்றுகிறது.

வல்லுநர் தரப்பிலும் குறை உண்டு. தொல்காப்பியத்தின் காலம் பற்றிக் கட்டுரை எழுதுவோர் தம் முடிவை மட்டும் நிறுவ முனைவதும், மாற்றுக் கருத்துகளை 'சிலர்' என்னும் ஒரு சொல்லில் அடக்குவதும் அச்சு உலகிலேயே நாம் காண்பவை. அவ்வழக்கம் இங்கும் தொடரின், அதனை மாற்றுவோரை அறியாதார் என்று பழித்தல் முறையன்று. பெரியசாமித் தூரன் தலைமைப் பதிப்பாசிரியராக அமைய, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் துறை அறிஞர்கள் அழைப்பின்பேரில் எழுதினர். அங்கே ஒரு பதிப்புக் குழு அவர்களின் நடையையும் சாய்வையும் சீர்செய்தது. விக்கிப்பீடியாவில் அக்குழுவின் பணியை முன்பின் அறியாத பலர் பகிர்ந்து செய்கின்றனர். பதிப்பாசிரியரின் திருத்தத்தை ஏற்றவர் பெயர் அறியாத் தொகுப்பாளரின் திருத்தத்தை ஏற்கத் தயங்குவது, திருத்தத்தின் தரத்தைவிடத் திருத்துவோரின் தகுதியை நோக்கும் பழக்கத்தால் விளைவது.

வரவேற்பு நிறுவன அளவிலும் அமையலாம் என்பதற்கு அறிவியலில் முன்மாதிரி உண்டு. 'ஆர்.என்.ஏ. பயாலஜி' என்னும் இதழ், ஆர்.என்.ஏ. குடும்பங்களைப் பற்றிய தன் குறிப்பிட்ட பகுதிக்குக் கட்டுரை அனுப்புவோர் விக்கிப்பீடியாவிற்கான சுருக்கக் கட்டுரை ஒன்றையும் எழுதித் தர வேண்டும் என்று 2008 டிசம்பரில் அறிவித்தது. 2012 முதல் 'பிளாஸ் கம்ப்யூட்டேஷனல் பயாலஜி' இதழும் தலைப்புப் பக்கங்கள் என்னும் பகுதியில் இதனை ஒத்த முறையை மேற்கொண்டது. முதனூற் பணிக்குரிய புகழ் இதழில் கிடைக்கிறது. வழிநூற் பணி களஞ்சியத்திற்குச் செல்கிறது. இரு நிலைகளையும் ஒருவரே குழப்பமின்றி வகிக்க இம்முறை இடந்தருகிறது. தமிழ் ஆய்விதழ் எதுவும் இதனை மேற்கொள்ளத் தடையில்லை. 'உருபன்' பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுபவர், அதே தலைப்பில் முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து ஐந்து பத்திகள் எழுதுவது பெருஞ்சுமையாகாது.

அதுவரை தனியொருவரின் வரவேற்பே துணை. வார்ப்புருவிற்கு மாற்றாக வல்லுநருக்கு அளிக்கத்தக்க வரவேற்புரை ஒன்று பின்வருமாறு அமையலாம்:

'வணக்கம். குற்றியலுகரம் கட்டுரையில் நீங்கள் சேர்த்த பத்தியைப் படித்தேன். இச்செய்தி இதுவரை கட்டுரையில் இல்லை. இங்கு எழுதுபவரின் தகுதியைச் சரிபார்க்க வழியில்லாததால், ஒவ்வொரு செய்திக்கும் வெளியான நூல் ஒன்றைச் சுட்டுகிறோம். அச்சு நூலாயினும், ஆங்கில நூலாயினும் போதும்; நூற்பெயரும் பக்க எண்ணும் தாருங்கள், அடிக்குறிப்பாக நான் அமைத்துவிடுகிறேன். உங்கள் நூலையே சுட்ட நேர்ந்தால் பேச்சுப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டுவிடுங்கள். உங்கள் கருத்தோடு மாறுபடும் ஆய்வுகளையும் நீங்களே எடுத்துக்காட்டினால் கட்டுரை நிறைவுபெறும். அவை எவை என்பது எங்களுக்குத் தெரியாது. உங்கள் எழுத்தை எவரேனும் மாற்றினால், மாற்றியவர் பெயர் வரலாற்றுப் பக்கத்தில் இருக்கும். அவரிடமோ என்னிடமோ கேளுங்கள்.'

இவ்வுரையில் பாராட்டு ஒரு வாக்கிய அளவே உள்ளது. வல்லுநருக்கு மட்டும் இயலும் பணி எது என்பது அதில் உண்டு: எந்நூல் காலத்தால் பழையதாயிற்று, எக்கருத்தை எவர் மறுத்தார், எச்சொல் எவ்வழக்கிற்குரியது என்பனவற்றை அவரே அறிவார். 'தாங்கள்' என்னாது 'நீங்கள்' என்றது எண்ணிச் செய்தது. 'தாங்கள்' எழுதுபவரைத் தாழ்த்திப் பெறுநரை உயர்த்தும். மறுநாள் அவர் பத்தியைத் திருத்த வேண்டிய கை அதனால் கட்டுண்டுவிடும். பெயருக்கு முன் 'முனைவர்' இடுவதும் அத்தகையதே. 'ஐயா', 'அம்மா' என்னும் விளிகளைப் பேச்சுப் பக்கத்தில் வழங்கத் தடையில்லை; வயதில் மூத்தவரை அவ்வாறு விளிப்பது நம் வழக்கு, அதனால் எவருடைய சான்றும் வலுப்பெறுவதில்லை.